கேரியர்

சாக்கடைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அண்ணி எல்லா மேடையிலும் சொல்வாள். உடனே கைதட்டல் விழும். கைதட்டுகிறவர்களில் ஒருவராவது எழுந்து, சரி, அந்தச் சாக்கடையைப் பாட்டிலில் பிடித்துப் பெயர் எழுதுகிறவருக்குத் தெரியுமா, அதைப் படிக்கிறவருக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்டதில்லை. அந்த மாதிரிக் கூட்டங்களில் கேள்வி கேட்பதே தனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான்.

அவளை அண்ணி என்றே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை யார் தலையில் விடிந்ததோ அவளுக்கு அவள் அண்ணி.

அண்ணியின் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல வேலைதான். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்காமல் திமிர் பிடித்து அலைகிறது என்பது பொதுவாக ஆஸ்பத்திரியில் ஆள் செத்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஊரில் எல்லோரும் கழிவறைக்குப் போகிறார்கள், மாடும் பன்றியும் கோழியும் இருக்கிற இடத்திலேயே போகின்றன. எல்லாம் கடைசியில் குழாயில்தான் சேருகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி, வடிதாளில் தங்கிய கிருமிகளின் மரபணுவைப் பிரித்து, இயந்திரத்தில் கொடுத்துப் படிக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிற ஜோசியம் என்று அண்ணன் கிண்டல் செய்வார். ஆனால் இந்த ஜோசியம் பலிக்கும்.

எல்லா மருந்தும் தோற்ற பிறகு டாக்டர்கள் கடைசியாக எடுக்கிற மருந்து ஒன்று உண்டு. அந்த மருந்துக்கும் அசையாதபடி கிருமியை நிற்க வைக்கிற ஒரு மரபணு இருக்கிறது. வந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது, எப்போது போவீர்கள் என்றும் கேட்க முடியாது. அதனால் ஆய்வகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். காலையில் உள்ளே வருகிறவர்கள், "மாப்பிள்ளை வந்திருக்காரா?" என்று விசாரித்துக்கொண்டேதான் கோட்டை மாட்டுவார்கள்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். பெட்ரோல் பங்கின் எதிரே இரண்டு சாக்கடைக் குழாய்கள் சேருகிற இடத்தில் பிடித்த தண்ணீரில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குழாய் குடியிருப்புத் தெருவிலிருந்து வருகிறது. இன்னொன்று பெரிய கோழிப்பண்ணையிலிருந்து வருகிறது. இரண்டில் எதிலிருந்து வந்தார் என்பதுதான் கேள்வி. அந்தத் தெருவில்தான் அண்ணியின் வீடு இருந்தது.

இரண்டு குழாயிலும் தனித்தனியே தண்ணீர் பிடிக்கச் சொல்லி நீச்சலை அனுப்பினார்கள். நீச்சல் என்பது ஆளின் பெயர். ஒருமுறை கால் வழுக்கிச் சாக்கடைக் குழிக்குள் விழுந்து, கழுத்து வரை மூழ்கி, வசவு மழையோடு ஏறி வந்தவர். ஊர் அவருக்கு மாலை போடவில்லை, பெயர் வைத்தது. அவர் சாக்கடை மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, மடித்த காஜ் துணியைத் தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிடுவார். மறுநாள் அதை இழுத்துப் பாட்டிலில் பிழிந்து, மார்க்கர் பேனாவால் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்.

ஒரு பாட்டிலில் 'மேல்' என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் 'கீழ்'.

மேல் பாட்டிலில் மாப்பிள்ளை இருந்தார். கீழ் பாட்டில் சுத்தம். தெரு மேட்டில் இருந்தது, பண்ணை பள்ளத்தில் இருந்தது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை தெருவிலிருந்துதான் வருகிறார், பண்ணைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று அண்ணி எழுதினாள்.

"தெருவுல எந்த வீடுன்னு பார்க்கணும்," என்றார் ஆய்வகத்தில் மரபணுக் கணக்கெல்லாம் பார்க்கிற கம்ப்யூட்டர்காரர். "ஆனா யார் மேடம் மலத்தை டப்பாவுல பிடிச்சுக் குடுப்பாங்க?"

"முதல்ல எங்க வீட்டுலருந்து குடுக்கறோம். அப்புறம் மத்தவங்க வருவாங்க."

வீட்டில் நான்கு பேர். அண்ணி, அண்ணன், அவர்களின் குழந்தை பாப்பா, அண்ணனின் தங்கை. அண்ணிக்கு நாத்தனார். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் அது முறிந்து, ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்தவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விடியற்காலையில் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புவாள். அண்ணன் செல்போன் ரிப்பேர் கடையைத் திறக்கக் கிளம்புவார். அதிலிருந்து இரவு வரை பாப்பா அவளுடையவள்.

பாப்பா குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, டாக்டர்கள் கையை விரித்த பிறகும் பிழைத்து வந்த குழந்தை. அண்ணி ஆய்வகத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து அதைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தது, பல் முளைத்த வலிக்கு விரலைக் கடிக்கக் கொடுத்தது எல்லாம் அத்தைதான். பாப்பா முதலில் சொன்ன சொல் "த்தை". இதை அண்ணி சிரித்துக்கொண்டேதான் எல்லோரிடமும் சொல்வாள். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

பாப்பாவுக்கு 'ர' வராது. அது அத்தைக்கும் மருமகளுக்கும் தினசரி விளையாட்டு.

"சொல்லு, ரயில்."

"யயில்."

"ரசம்."

"யசம்."

"ரவுடி!"

"யவுதி!" என்று சொல்லிவிட்டு பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கும். அத்தை அதை அள்ளி வயிற்றில் முகத்தைப் புதைப்பாள். குழந்தை இல்லாமல் முடிந்துபோன அந்த ஒரு வருஷக் கல்யாணத்தைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை. அழுவதற்கு அவளுக்கு நேரமும் இல்லை, காரணமும் குறைந்துகொண்டே வந்தது.

டப்பா கொடுத்தபோது அண்ணன் சும்மா இருப்பாரா? "உலகத்துலயே இதைக் கேட்டு வாங்கற ஒரே பொண்டாட்டி எனக்குத்தான் கிடைச்சிருக்கா," என்றார். நாத்தனார் தன் டப்பாவை மூன்று கவருக்குள் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். "அண்ணி, இதை நீங்க பார்க்காதீங்க. வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. எனக்கு வெட்கமா இருக்கு."

அண்ணி தன் டப்பாவைக் கொடுக்கவில்லை. ஆய்வு செய்கிறவர் தன்னுடையதைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதிகள் எப்போதும் சரியான இடத்தில் கைகொடுக்கும்.

அண்ணன் சுத்தம். பாப்பா சுத்தம். நாத்தனாரின் டப்பாவில் மாப்பிள்ளை இருந்தார்.

"இவங்க பண்ணைலதானே மேடம் வேலை செய்றாங்க?" என்றார் கம்ப்யூட்டர்காரர். "அங்கருந்து வந்திருக்கலாமே?"

"பண்ணைத் தண்ணி சுத்தமா இருக்கே. கீழ் பாட்டில்ல ஒண்ணுமே இல்லையே."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு திரையைப் பார்க்கத் திரும்பினார். பாட்டில் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கு அண்ணி வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் பாப்பாவை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குழந்தையைக் குடு."

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு அண்ணி."

"குடுன்னு சொல்றேன்ல."

பறித்த வேகத்தில் கிண்ணம் கவிழ்ந்தது. பாப்பா வீறிட்டது. அண்ணி அதைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், வாயில் இருந்த சோற்றை விரல் விட்டுத் தோண்டி எடுத்து, முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெளியே வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் குரல் தேனாகத்தான் இருந்தது. அவளுக்கு எப்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியும்.

"நீ பயப்படாதே. உனக்கு ஒண்ணும் ஆகாது. உன் வயித்துல அது பாட்டுக்கு இருக்கும். உனக்கு நோய் இல்ல. நீ வெறும் கேரியர், அவ்வளவுதான்."

நாத்தனார் ஒன்றும் புரியாமல் சமையலறை அலமாரியைப் பார்த்தாள். அங்கே அவள் பண்ணைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற அடுக்குக் கேரியர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அது இல்ல, லூசு. சுமந்துகிட்டுத் திரியற ஆளைச் சொல்றா."

"பாப்பா குறைமாசத்துல பொறந்தவ," என்றாள் அண்ணி. "நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்து, எந்த மருந்தும் கேட்கலைன்னா கடைசி மருந்தைத்தான் போடணும். உன் கை வழியா இது அவ வயித்துக்குப் போயிட்டா அந்த மருந்தும் வேலை செய்யாது. புரியுதா?"

புரிந்தது. தேவைக்கு மேலேயே புரிந்தது. நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எப்போ அண்ணி போகும்?"

"சில பேருக்குச் சில மாசத்துல தானா போயிடும். டெஸ்ட் பண்ணினா தெரியும்."

"போயிடுச்சுன்னா பாப்பாவைத் தூக்கலாமா?"

"தாராளமா. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கார் ஷெட்டுக்குப் போனாள். வீட்டில் கார் கிடையாது. முன்பு இருந்தவர் கட்டிவைத்த ஷெட், பக்கத்திலேயே ஒரு கழிவறை, தகரக் கூரை. அண்ணன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஃபேன் மாட்டிக் கொடுத்தார். தங்கை மேல் பாசம் இல்லாதவர் இல்லை. பாசம் இருந்தது, முதுகெலும்பு இல்லை. சமையலறையில் கை வைக்கக் கூடாது என்பதால் சாப்பாடு அதே அடுக்குக் கேரியரில் போட்டு, ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கம்பத்துக் கொக்கியில் மாட்டப்பட்டது.

"கேரியருக்குக் கேரியர்!" என்றார் அண்ணன் முதல் நாள். தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். அண்ணன் சங்கடப்படக் கூடாதே என்று.

ஜோக் வீட்டில் தங்கிவிட்டது. "கேரியர் போயாச்சா?" "கேரியர் இன்னும் எடுக்கலையே." எது பாத்திரம், எது ஆள் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் தானாகவே நின்றுபோனது.

பண்ணையில் அவளுக்கு என்ன வேலை என்று நான் சொல்லவில்லை. கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலக்கிற வேலை. சீக்கு வந்த கோழிக்கு மட்டுமில்லை, எல்லாக் கோழிக்கும், தினமும், சீக்கு வராமலிருக்கவும் சீக்கிரம் கொழுக்கவும். டாக்டர்கள் கடைசிக்கு என்று ஒளித்து வைத்திருக்கிற அதே மருந்தைத்தான் அவள் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள். இதை அவளே அண்ணியிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். "வாளி வாளியா ஊத்துவோம் அண்ணி, கையெல்லாம் கசக்கும்."

ஆனால் அறிக்கை பண்ணையைச் சுத்தம் என்றது. முதலாளி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். பிறகு, சேதி காதுக்கு எட்டியதும், நாத்தனாரைக் கூப்பிட்டார், கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்து.

"நீ இனிமே வர வேணாம்மா. கோழிக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா யார் பதில் சொல்றது?"

கோழிக்கு ஒட்டிக்கொள்ளுமாம். தெருவும் முதலாளியைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. கடைக்காரர் சாமானைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார். நேற்று வரை அவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போன எதிர்வீட்டம்மா, அவள் தெருவில் வந்தால் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டாள். டப்பா கொடுக்கத் தெருவில் வேறு யாரும் முன்வரவில்லை. அதுதான் ஆள் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு?

பாப்பா முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "த்தை, த்தை" என்று தொண்டை கிழியக் கத்தியது. நாத்தனார் ஷெட் வாசலில் நின்றபடி, "சொல்லு, ரயில்!" என்று குரல் கொடுப்பாள். "யயில்!" என்று பதில் வரும். அழுகை நிற்கும். பிறகு ஒருநாள் அண்ணி வந்து சொன்னாள்.

"நீ கூப்பிட்டாத்தான் அவ ஓடி வரப் பார்க்கறா. கதவு ஒருநாள் திறந்திருந்தா என்ன ஆகும், யோசிச்சியா?"

யோசித்தாள். அன்றிலிருந்து பாப்பா ஜன்னலுக்கு வந்தால் அவள் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள் என்பது அவளுக்கும் தகரக் கூரைக்கும் மட்டுமே தெரியும். குழந்தைதானே, மறந்துவிடும் என்று அண்ணி சொன்னாள். குழந்தை அம்மா பேச்சைக் கேட்டு மறந்துவிட்டது.

அண்ணிக்கு ஏறுமுகம். சாக்கடைத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போய் ஒரே ஒரு ஆள் வரை கண்டுபிடித்தது சின்ன விஷயமா? வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதில் நாத்தனாருக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். ஆய்வக இயக்குநர் தோளைத் தட்டாத குறையாக, "உங்க கேரியர்ல இது பெரிய திருப்பம்," என்றார். வேலையில் ஏறுகிற கேரியர், கிருமி சுமக்கிற கேரியர், தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஒருத்தி மேடைக்குப் போக, ஒருத்தி ஷெட்டுக்குப் போனாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு முறையும் மேல் பாட்டிலில் மாப்பிள்ளை இருந்தார். குறையவில்லை, பெருத்துக்கொண்டே போனார். ஒருத்தியின் வயிற்றிலிருந்து இவ்வளவா? ஒருநாள் காலை அண்ணி நீச்சலோடு தானே கிளம்பினாள். நீச்சல் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கி நடந்தார்.

"எங்க போறீங்க? முதல்ல மேல் பாட்டிலை முடிச்சிடலாம்."

"அதுக்குத்தானே மேடம் போறோம்."

"மேலுக்கு மேட்டுக்குத்தானே போகணும்? எங்க தெருவுக்கு?"

நீச்சல் நின்று அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மேல்னா மேல்பக்கம் மேடம். மேற்கு. பண்ணை. கீழ்னா கிழக்கு, உங்க தெரு. சூரியன் வர்ற பக்கம் கீழ், போற பக்கம் மேல்." பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "நான் எதுக்கு மேடு பள்ளம் பார்க்கறேன்? சாக்கடைக்குள்ள எல்லாமே பள்ளம்தான்."

அண்ணி மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தியின் வயிற்றில் இருந்த கொஞ்சம் தெருத் தண்ணீரில் கரைந்து பாட்டிலுக்கு எட்டவே இல்லை. பண்ணை மதிலுக்குப் பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஏன் மேடம், ஏதாவது தப்பா?"

"இல்ல," என்றாள். "இனிமே மேல் கீழ்னு எழுத வேணாம். ஒண்ணு, ரெண்டுன்னு போடுங்க. போதும்."

"எதுவா இருந்தா எனக்கென்ன," என்றார் நீச்சல். அவருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. மூடியை நெம்பத் தொடங்கினார்.

அந்த நிமிடம் வரை அண்ணி செய்தது தவறு. யாருக்கும் வரக்கூடிய தவறு, சொல்லித் திருத்தியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற்றிருப்பார்கள், இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். நாத்தனாருக்கு அது பண்ணையில் வந்து ஒட்டியது என்று தெரிந்திருக்கும். பண்ணைத் தொட்டியில் மருந்து நின்றிருக்கும். அதன் பிறகு அவள் செய்ததற்கு வேறு பெயர் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி மருந்தும் கேட்காமல் ஆட்கள் போய்ச்சேரத் தொடங்கியிருந்த சமயம் அது. அதைப் பற்றிக் கேட்டபோது, மேலும் ஆய்வு தேவை என்று அண்ணி எழுதிக் கொடுத்தாள்.

இது எதுவும் தெரியாமல் நாத்தனார் அந்த வாரம் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினாள்.

"அண்ணி, இன்னொரு தடவை பார்த்துடுங்களேன். போயிருக்கும்னு தோணுது. நான் இப்பல்லாம் பண்ணைக்கே போறதில்லையே."

மாட்டேன் என்று சொல்ல அண்ணிக்குக் காரணம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. இன்னும் இருந்துவிட்டால் நல்லது. இருந்தால் பொய் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு போய், யார் கண்ணிலும் படாமல், பெயர் போடாமல் பார்த்தாள்.

சுத்தம்.

மறுபடி பார்த்தாள். மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தார். நாத்தனாரின் வயிறு அந்தத் தெருவிலேயே சுத்தமான வயிறாக இருந்தது.

அண்ணி கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இவள் சுத்தம் என்று சொன்னால் அண்ணன் கடைக்குக் கடை இனிப்பு கொடுப்பார். செய்தி ஆய்வகத்துக்கு வரும். கம்ப்யூட்டர்காரர் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்பார்: இருந்த ஒரே ஆளும் சுத்தமாயிட்டாங்கன்னா, தெருத் தண்ணில மாப்பிள்ளை இன்னும் எப்படி? அந்தக் கேள்வியிலிருந்து நீச்சல் ரொம்ப தூரத்தில் இல்லை. அண்ணி டப்பாவைக் கழிவு டிரம்மில் போட்டு மூடினாள்.

சாயங்காலம் நாத்தனார் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ரயில் பொம்மை. பாப்பாவுக்காக எப்போதோ வாங்கிவைத்தது. கிருமி போக வேண்டுமே என்று அன்றைக்கு அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருந்தாள். ரயில் உருகி, முதுகு கூனி, சக்கரங்கள் இழுத்துக்கொண்டு, ரயில் என்று சொன்னால்தான் தெரியும் என்ற நிலையில் இருந்தது.

"என்ன அண்ணி ஆச்சு?"

அண்ணன் அண்ணிக்குப் பின்னால் வாசலில் நின்றிருந்தார். அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னும் இருக்கும்மா."

நாத்தனார் தலையாட்டினாள். பொம்மையைப் புடவை மடிப்பில் மறைத்தாள். அண்ணியின் முகம் கறுத்திருப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது.

"நீங்க மனசை விடாதீங்க அண்ணி. இருக்கறதைத்தானே நீங்க சொல்ல முடியும்? எனக்காக இவ்வளவு பண்றீங்களே, அதுவே பெரிசு."

இந்த இடத்தில் ஒரு கல்லாவது விழுந்து அண்ணியின் வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. விழவில்லை. அண்ணி, "அடுத்த தடவை பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கடுத்த தடவைகளில் அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஆய்வகத்துக்குப் போகிற வழியிலேயே குப்பைத்தொட்டி இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. நாத்தனார் காலிக் கேரியரைக் கழுவிக் கொக்கியில் மாட்ட வந்தாள். பாப்பா இப்போது வளர்ந்துவிட்டாள், கால் தரையில் நிற்காது. பந்தைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தவள் பந்தை விட்டுவிட்டு நேராக நாத்தனாரைப் பார்த்து ஓடினாள்.

நாத்தனார் ஓரடி பின்னால் வைத்தாள். குழந்தையின் கை நீண்டு வருகிறது. இன்னும் நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடும்.

"வராதே!" என்று அலறினாள். "கிட்ட வந்தே, அடிச்சுப்புடுவேன்! போ!"

கேரியரின் மூடியைப் பிடுங்கி ஓங்கினாள். அந்த முகத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை. பாப்பா அப்படியே நின்றாள். உதடு பிதுங்கியது. அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஓங்கிய மூடியைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், யாரென்று யோசித்தாள். பிறகு வாசலுக்கு வந்து நின்ற அண்ணியைத் திரும்பிப் பார்த்து, வீட்டுக்குச் சேதி சொல்கிற பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"அம்மா, கேரியர் வந்திருக்கு."

'ர' சுத்தமாக விழுந்தது. மூன்று இடத்திலும்.

ஓங்கிய கை தானாக இறங்கியது. நாத்தனாரின் முகம் மலர்ந்துவிட்டது. மூடியைக் கீழே போட்டுவிட்டு, பின்னால் நகர்ந்துகொண்டே கைதட்டினாள்.

"அண்ணி! 'ர' வந்துடுச்சு அண்ணி! கேட்டீங்களா? அண்ணா, நீ கேட்டியா? எவ்வளவு அழகா சொல்றா பாரு! இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்களேன்!"

"சபாஷ்!" என்றார் அண்ணன், பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு. "எங்க, இன்னொரு தடவை சொல்லு."

"கேரியர்," என்றாள் பாப்பா. "கேரியர், கேரியர்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்று கேட்டாள். அண்ணி இறங்கி வந்து குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பாப்பா எதையும் தொடவில்லை, அவளை யாரும் தொடவில்லை. அது அண்ணிக்குத் தெரியும். தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதும் தெரியும். ஆனால் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.